குளிசையை நிறுத்துவதுதான் வைராக்கியமா?

கேள்வி: என் கணவர் ஒன்றரை வருடமாகப் புதிய ஜெபக்கூட்டம் ஒன்றுக்குப் போகிறார். சீனி வருத்தக்காரர். உபவாசம் என்று குளிசையை நிறுத்திவிட்டார். மாமி சைவம்; அவ செத்த 31ஆம் நாளுக்கு, படைத்த சாப்பாடு என்று சொல்லிப் பெற்ற மகனே போகவில்லை. மகளின் ரியூஷன் காசும் காணிக்கையாகப் போயிற்று. கேட்டால், "நான் அனல், நீ வெதுவெதுப்பு" என்கிறார். பிழை என்னிலா?
— ஒரு சகோதரி, கல்லடி

பதில்: முதலில் குளிசை. மற்றதெல்லாம் நாலு நாள் பொறுக்கும், இது பொறுக்காது. குளிசையை விட்டால் சீனி ஏறும். இன்சுலின் ஊசியோ கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சீனி விழும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் 'ஆவி இறங்குகிறது' என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, அம்புலன்சுக்கு 1990க்கு எடுங்கள். உபவாசம் இருந்தே தீருவேன் என்றால் முதலில் கிளினிக்கில் டொக்டரிடம் கேட்கட்டும். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னாரே (1 தீமோ. 5:23), அது அவிசுவாசமா?

அடுத்தது 31ஆம் நாள். மட்டக்களப்பில் ஒரே குடும்பத்துக்குள் சைவமும் வேதமும் இருப்பது புதினமில்லை. கொரிந்துவிலும் அப்படித்தான். அழைத்த வீட்டுக்குப் போக மனமிருந்தால் போ, வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, 'இது படைத்தது' என்று ஒருவர் சொன்னால் மட்டும் சாப்பிடாதே என்கிறார் பவுல் (1 கொரி. 10:27, 28). விலக்கியது அந்தச் சாப்பாட்டை, வீட்டையல்ல. உங்கள் கணவர் போய்க் கதிரை அடுக்கியிருக்கலாம், தம்பி தங்கச்சியோடு இருந்துவிட்டு ஒரு பிளேன்டீயோடு திரும்பியிருக்கலாம். உபவாசக்காரர் எல்லாரும் எடுத்துப் பேசும் ஏசாயா 58ஐ ஏழாம் வசனத்தின் கடைசிவரை வாசிக்கச் சொல்லுங்கள். சொந்த மாம்சத்துக்குத் தன்னை ஒளிக்காமல் இருப்பதும் கர்த்தர் கேட்கும் உபவாசத்தில் சேர்த்தி.

ரியூஷன் காசு விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. 'கொர்பான்', அதாவது 'இது கடவுளுக்குக் காணிக்கை' என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:11-13). காணிக்கை கொடுத்தவன் ஒருவன், பட்டினி கிடந்தது வேறொருவர். இங்கே உங்கள் பிள்ளை. தாவீது ராஜாவைப் பாருங்கள்: பலியிடுவதற்கு அர்வனா என்பவன் தன் களத்தையும் மாடுகளையும் சும்மா தருகிறேன் என்றபோதும், 50 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்த பிறகுதான் பலியிட்டான். உங்கள் கணவரும் தன் போன் டேட்டாக் காசைக் கொடுத்துப் பார்க்கட்டும்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் 'வெதுவெதுப்பு' என்று ஆண்டவரிடம் திட்டு வாங்கிய லவோதிக்கேயா சபை என்ன சொல்லிக்கொண்டிருந்தது? 'எனக்கு ஒரு குறைவுமில்லை.' உங்கள் வீட்டில் அப்படிப் பேசுவது யார்?

ஆனாலும் அவருடைய அனலை அணைக்கப் பார்க்காதீர்கள். சமாரியர் கிராமத்தை வானத்து அக்கினியால் எரிக்கட்டுமா என்று கேட்டு ஆண்டவரிடம் அதட்டு வாங்கிய இருவரில் ஒருவர் யோவான் (லூக்கா 9:54). அதே யோவான் பிறகு அதே சமாரியருக்குப் பரிசுத்த ஆவி கிடைக்கும்படி பேதுருவோடு போய் ஜெபித்தார் (அப். 8:14, 15).

இராத்திரியில் வசனத்துக்கு வசனம் மல்லுக்கு நிற்க வேண்டாம். அடுத்த கிளினிக் நாளில் கொப்பியை எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். ரியூஷன் காசை மாதம் பிறந்ததும் உங்கள் கையாலேயே கட்டிவிடுங்கள்.