கணவரைப் பிடிக்கிறது, ஆனால் தாம்பத்தியம் என்றாலே பயந்து விலகுகிறேன். இது சரியாகுமா?

கேள்வியோடு நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது, கணவர் நல்லவர், அவரைப் பிடிக்கும், ஆனால் உடலுறவு என்று வந்தால் உடம்பு நடுங்கி, ஏதாவது காரணம் சொல்லி ஒதுங்கிவிடுகிறீர்கள். உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்கிறீர்கள்.

உங்களுக்கு மட்டும் இல்லை. எனக்கும் இருந்தது, கல்யாணமாகிச் சில வருடங்கள் இருந்தது, பிறகு சரியானது.

"ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள், அப்புறம் பழகிவிடும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். என் அக்காவும் அதைத்தான் சொன்னாள், அன்பாகத்தான் சொன்னாள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வலியோடும் பயத்தோடும் பொறுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் பயம் இன்னும் கெட்டிப்படும்.

பயம் எப்படித் தங்குகிறது என்பதை ஹோபார்ட் மௌரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1947-ல் இரண்டு படிகளாக விளக்கினார். முதலில் ஒரு விஷயமும் வலியும் மனதில் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. பிறகு அந்த விஷயம் கிட்டே வரும்போது நாம் விலகுகிறோம், விலகியதும் படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதிதான் நம்மைச் சிக்கவைக்கிறது. விலகினால் தப்பிக்கலாம் என்று மூளை கற்றுக்கொண்டு, அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக விலகச் சொல்கிறது. நாம் பயந்தது உண்மையில் நடக்குமா நடக்காதா என்று தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பமே வருவதில்லை. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த உளவியலாளர் ஒரு தாளில் வட்டமாக வரைந்து காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் என்மேல் எனக்கிருந்த வெறுப்பு இறங்கியது.

விலகுவதற்கு நம் குடும்பங்களில் மரியாதையான காரணங்கள் நிறையவே கிடைக்கும். புதுப்பெண் என்று ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப்போனார்கள், அந்த மாதம் முழுக்க நிம்மதியாகத் தூங்கினேன். கார்த்திகையில் அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டார், மாலையைக் கழற்றும் நாள் நெருங்க நெருங்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வெள்ளி, கிருத்திகை, பிரதோஷம் என்று என் விரதங்கள் கூடிக்கொண்டே போயின, மருமகளுக்கு எவ்வளவு பக்தி என்று மாமியார் எல்லோரிடமும் சொன்னார். கணவர் தூங்கும்வரை சமையலறையைத் துடைத்துக்கொண்டிருப்பது, படுக்கும் நேரத்தில் ஒரு சின்னச் சண்டை, தலைவலி, இவையும் உண்டு. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கட்டிப்பிடித்தால் அது அங்கே போய் முடியுமோ என்று கட்டிப்பிடிப்பதையே நிறுத்தினேன் பாருங்கள், அதுதான் எங்கள் இருவரையும் அதிகம் வருத்தியது. உடலுறவில் தொடங்கிய பயம் முத்தத்துக்கு வரும், பக்கத்தில் உட்காருவதற்கு வரும், கையைப் பிடிப்பதற்கும் வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பயமும் வெறுப்பும் ஒரே மாதிரிதான் தெரியும். "என்னைப் பிடிக்கலையா?" என்று அவர் ஒருநாள் கேட்டபோது எனக்கு அழுகைதான் வந்தது.

சின்ன வயதில் யாராவது தவறாக நடந்துகொண்டார்களா என்று என்னிடம் பலரும் கேட்டார்கள். சிலருக்கு அது காரணமாக இருக்கிறது. உங்களுக்கு அப்படி இருந்தால் அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவரிடம் போக வேண்டும், நான் கீழே சொல்வது மட்டும் போதாது. ஆனால் எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. வயதுக்கு வந்த நாளிலிருந்து யாரும் தொடக்கூடாது, நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று சொல்லியே வளர்த்தார்கள். ஹாஸ்டலில் ரத்தம், வலி என்று கதை கதையாகக் கேட்டேன். பிறகு ஜோசியர் குறித்துக் கொடுத்த சாந்தி முகூர்த்த நேரத்தில், கூடத்தில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, அதற்கு முன் போனில் மட்டும் பேசியிருந்த ஒருவரோடு அறைக்குள் அனுப்பினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொடுத்ததை உடம்பு ஒரு ராத்திரியில் மறந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

எனக்கு இருந்ததன் பெயர் வஜைனிஸ்மஸ். பெண்ணுறுப்பைச் சுற்றி இருக்கும் இடுப்புத்தளத் தசைகள் நம்மைக் கேட்காமலே இறுகிக்கொள்ளும். கண்ணுக்கு நேரே விரல் வந்தால் இமை தானாக மூடுகிறதே, அந்த மாதிரி. 2001-ல் வெளிவந்த ஒரு டச்சு ஆய்வு எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. பெண்களுக்குச் சில படத்துண்டுகளைப் போட்டுக் காட்டி, அவர்கள் தசைகளின் இறுக்கத்தை அளந்தார்கள். மிரட்டலான காட்சிகள் வந்தபோது இந்தப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இடுப்புத்தளத் தசை இறுகியது, இல்லாதவர்களுக்கும் இறுகியது. தோள்பட்டைத் தசையும்கூட இறுகியது. ஆபத்து என்று தோன்றினால் எல்லா உடம்பும் இப்படித்தான் தன்னைக் காத்துக்கொள்கிறது. நம் உடம்பு கணவரின் நெருக்கத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்தப் பெயரை 1860-களில் வைத்தவர் மரியன் சிம்ஸ் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர். அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்கள்மேல் மயக்க மருந்து இல்லாமல் கத்தி வைத்துத் தன் அறுவை முறைகளைப் பழகிய மனிதர் அவர். இதற்கும் வெட்டுவதையே வைத்தியமாகச் சொன்னார். பயத்தைப் பற்றி மருத்துவர்கள் கேட்க ஆரம்பிக்க வெகுகாலம் ஆனது. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட மனநோய் கண்டறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் தசை இறுக்கம், வலி, வலிக்குமோ என்ற பயம் மூன்றையும் ஒரே தலைப்பின் கீழ் சேர்த்தார்கள். அதனால் "பரிசோதனையில் எல்லாம் நார்மல், மனசுதான் காரணம்" என்று யாராவது சொல்லி அனுப்பினால் அதோடு விட்டுவிடாதீர்கள். பயமும் சிகிச்சைக்குரிய அறிகுறிதான்.

எது உதவும் என்று சொல்கிறேன்.

முதல் வேலை, முயற்சியை நிறுத்துவது. இருவரும் பேசி, இத்தனை வாரத்துக்கு உடலுறவு கிடையவே கிடையாது என்று முடிவு செய்ய வேண்டும். கேட்க வினோதமாக இருக்கும். செயின்ட் லூயிஸ் நகரத்தில் வேலை செய்த மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற பாலியல் ஆய்வாளர்கள் இருவரும் 1970-ல் எழுதிய முறை இது, 'சென்சேட் ஃபோகஸ்' என்பார்கள். உடலுறவைத் தள்ளிவைத்துவிட்டு ஒருவரை ஒருவர் தொடுவதற்கு மட்டும் நேரம் ஒதுக்க வேண்டும். முதல் கட்டத்தில் மார்பு, பிறப்புறுப்பு எதையும் தொடக்கூடாது. கை, முதுகு, முகம், தலைமுடி போதும். தோலில் என்ன உணர்கிறோம் என்று கவனிப்பதுதான் வேலை, கிளர்ச்சி வந்ததா வரவில்லையா என்று பார்ப்பது கிடையாது. இது அங்கே போய் முடியாது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, வெகுநாளைக்கு அப்புறம் அவர் தோளில் தலைவைத்துப் படம் பார்த்தேன். அந்தக் கட்டத்தை நாங்கள் அவசரப்படாமல் நீட்டித்துக்கொண்டோம். அடுத்தடுத்த கட்டங்கள் அதன்மேல்தான் நின்றன.

தனியாகச் செய்ய வேண்டியதும் உண்டு. கண்ணாடியில் பார்ப்பது, மூச்சை மெதுவாக விடும்போது அந்தத் தசை எப்படித் தளர்கிறது என்று கண்டுபிடிப்பது, பிறகு தன் சுண்டுவிரல் நுனி, அப்புறம் அளவு அளவாக வரும் சிலிகோன் டைலேட்டர் (உள்ளே வைத்துப் பழகுவதற்கான விரல் வடிவக் கருவி), மசகு ஜெல்லோடு. ஒரு படியில் பயம் தணியும்வரை அங்கேயே இருக்கலாம். வலித்தால் முந்தைய படிக்குத் திரும்பிவிட வேண்டும். இணையத்தில் எல்லோரும் சொல்லும் கெகல் பயிற்சி தசையை இறுக்கிப் பழக்குவது. நமக்கு வேண்டியது தளர்த்துவது, அதனால் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்காமல் அதைத் தொடங்காதீர்கள்.

இப்படிப் படிப்படியாகப் பயத்தைச் சந்திப்பது பலன் தரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2013-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில் 70 பெண்கள் கலந்துகொண்டார்கள், எல்லோருக்கும் ஆரம்பத்திலிருந்தே வஜைனிஸ்மஸ். சிகிச்சை பெற்ற 35 பேரில் 31 பேருக்கு உடலுறவு சாத்தியமானது, காத்திருப்புப் பட்டியலில் இருந்த 35 பேரில் 4 பேருக்குத்தான். அந்தப் பெண்கள் பயிற்சியைத் தாங்களே தங்கள் கையால் செய்தார்கள், சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்து வழிகாட்டினார்.

கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல முறை முடியாமல் போனால் ஆண்களுக்கும் பயம் பிடிக்கும். இன்றைக்கு ஆகுமா ஆகாதா என்று தன்னையே வெளியிலிருந்து வேவு பார்க்க ஆரம்பித்தால் விறைப்பு தானாகப் போய்விடும், அப்புறம் அவரும் ஒதுங்குவார். அந்த நேரத்தில் டிவி விளம்பரத்தைப் பார்த்து லாட்ஜ் வைத்தியரிடம் போய்ப் பணத்தைத் தொலைக்க விடாதீர்கள். இருவரும் சேர்ந்தே ஒரு உளவியலாளரிடம் போங்கள். உங்கள் பயம் தெரிந்தும் அவர் வற்புறுத்துகிறார் என்றால் விஷயமே வேறு. கணவர் செய்தாலும் பாலியல் துன்புறுத்தல் 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரும், 181-க்கு அழைக்கலாம்.

"இன்னும் விசேஷம் இல்லையா?" என்ற கேள்வி தாங்காமல் நாங்கள் முதலில் போனது குழந்தையின்மைச் சிகிச்சை மையத்துக்கு. அங்கே நீங்கள் சேர்ந்து இருக்கிறீர்களா என்று எங்களை யாருமே கேட்கவில்லை, நேரடியாக ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று போனார்கள். உள்ளே வைத்து எடுக்கும் ஸ்கேனுக்கு நான் கத்தியபோது "இதுக்கே இப்படின்னா எப்படிம்மா குடும்பம் நடத்துவ?" என்று திட்டினார்கள். உடலுறவு இல்லாமலே விந்தை உள்ளே செலுத்திக் கருத்தரிக்க வைக்கலாம், அது மருத்துவத்தில் முடியும். ஆனால் குழந்தை பிறந்த பிறகும் பயம் அப்படியே இருக்கும், ஒதுங்குவதற்குக் குழந்தை ஒரு புதுக் காரணமாகவும் ஆகிவிடும். குழந்தையையும் இதையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இன்னொன்று. சிலருக்குப் பயமே இருக்காது, உடலுறவில் ஈடுபாடே இருக்காது. அது வேறு, அதற்கு இந்த வைத்தியம் எதுவும் தேவையில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஆசை இருந்தும் பயம் தடுப்பதாகத்தான் தெரிகிறது.

தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்று வலிக்கு உடம்பில் வேறு காரணம் இருக்கிறதா என்று முதலில் ஒரு பெண்கள்நல மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். பிறகு இந்திய மறுவாழ்வு கவுன்சில் (RCI) என்ற அரசு அமைப்பில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர் யாரையாவது தேடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். நேரில் போகும்வரை 14416-ல் தமிழிலேயே பேசலாம், அது டெலிமானஸ் என்ற இலவச அரசு எண். மருத்துவர் முன்னால் வாய் வராது, எனக்கும் வரவில்லை. ஒரு சீட்டில் எழுதி எடுத்துப்போய் அவர் கையில் கொடுங்கள்: "கல்யாணமானதிலிருந்து உடலுறவு நடக்கவில்லை. பயமும் வலியும் இருக்கிறது. என்னைக் கேட்காமல் உள்ளே பரிசோதிக்க வேண்டாம்." படித்துவிட்டு அவர் எரிச்சல்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள், வேறு மருத்துவர் கிடைப்பார்.