வெள்ளைப் பணியாரம் எண்ணெய் குடிக்கிறதா?

மாவைக் கொட்டிவிட வேண்டாம். இரண்டு ஸ்பூன் பச்சரிசி மாவைக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, ஒன்றே ஒன்று சுட்டுப் பாருங்கள். மாலையில் ஆட்கள் வருகிறார்கள், டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் உளுந்து போட்டு அரைத்தேன், பணியாரம் உப்பாமல் எண்ணெயைக் குடிக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

அந்த அரை டம்ளர் உளுந்துதான் காரணமாக இருக்கும். காரைக்குடிப் பக்கம் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே டம்ளரின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார்கள், அந்தக் குவியல்தான் உளுந்தின் அளவு, அதைத் தாண்டினால் எண்ணெய் ஏறத்தான் செய்யும். இரண்டையும் சேர்த்தே ஊறவைத்து மையாக அரைத்து அன்றே சுட வேண்டும், புளிக்க விடக்கூடாது.

ஊற்றிய மாவு தானாக மேலே எழும்புகிறதா என்று பாருங்கள். அடியிலேயே கிடந்தால் எண்ணெய் காயவில்லை. ஓரம் பிய்ந்து பரவினால் மாவு நீர்த்திருக்கிறது.

ஆனால் அரிசி மாவை அள்ளிப் போடாதீர்கள், விறைத்துவிடும். கெட்டியானால் காய்ச்சி ஆறிய பால் கொஞ்சம் விடலாம்.

அப்புறம், ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற முடியும் என்பதால் முன்கூட்டியே சுட்டு அடுக்காதீர்கள், ஆறினால் பாதி ருசி போச்சு. வரமிளகாய்ச் சட்னியை மட்டும் அரைத்து வைத்துவிட்டு, வந்தவர்கள் கையிலேயே கரண்டியைக் கொடுங்கள்! யாருடையது உப்புகிறது, யாருடையது சப்பட்டை என்று கேலி பேசிக்கொண்டே சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்குப் போகட்டும், சுடுகிறவருக்கும் இரண்டு சூடாகக் கிடைக்கும்.