ரத்தத்தில் ஹார்மோன் சரியாக இருந்தும் எண்டோமெட்ரியோசிஸ் வலி ஏன் குறைவதில்லை?

மாத்திரை போட்டும் வலி குறையவில்லை, ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் எல்லாம் நார்மல் என்கிறார்கள், அப்புறம் எதற்கு இந்த வலி என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே கேள்வியோடு அலைந்தவள். எனக்கும் ரிப்போர்ட் நார்மல்தான். ஸ்கேனில் மட்டும் இடது சினைப்பையில் 4 செ.மீ. சாக்லேட் கட்டி, அதாவது பழைய ரத்தம் தேங்கிய நீர்க்கட்டி. அது தெரியவருவதற்கு முன் எட்டு வருடம், மாதம் மூன்று நாள், சுடுதண்ணீர்ப் பையை அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு பாத்ரூம் தரையில் சுருண்டு கிடந்திருக்கிறேன். முதலில் பார்த்த டாக்டர், "கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்மா" என்று அனுப்பிவிட்டார்.

எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். ரத்தத்தில் ஓடும் ஹார்மோன் அளவை வைத்து அதை எடைபோட முடியாது. ஹார்மோன் வேலை செய்ய வேண்டுமென்றால் செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் ரிசெப்டர் வேண்டும். கருப்பைக்கு வெளியே ஒட்டி வளரும் திசுவில் அந்தக் கணக்கே மாறிக் கிடக்கிறது. இந்தத் திசுவை வளரவைக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜனுக்கு ஆல்ஃபா, பீட்டா என இரண்டு ரிசெப்டர்கள். பீட்டா இருப்பதே 1996இல்தான் தெரியவந்தது. கருப்பையின் உட்சவ்வில் ஆல்ஃபாதான் அதிகம். வெளியே வளரும் திசுவிலோ ஆல்ஃபா குறைந்து, பீட்டா பல மடங்கு ஏறிவிடுகிறது. சிகாகோ பக்கம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் செர்தார் புலுனின் குழு இதற்குக் காரணம் தேடியது: பீட்டாவின் ஜீனை அடக்கிவைக்கும் மெத்தில் குறிகள் (டிஎன்ஏ மேல் ஒட்டும் ரசாயன முத்திரைகள்) அந்தத் திசுவில் குறைவு.

பீட்டா ஏற ஏற, புரொஜெஸ்டிரோனின் ரிசெப்டர் இறங்குகிறது. வளர்ச்சியையும் வீக்கத்தையும் அடக்குவது புரொஜெஸ்டிரோன். இந்த வலிக்குத் தரும் ஹார்மோன் மாத்திரைகள் பெரும்பாலும் அந்த வகைதான். அதைப் பிடித்துக்கொள்ளப் போதிய ஆள் இல்லையென்றால் மாத்திரை என்ன செய்யும்?

இன்னொன்றும் உண்டு. அந்தத் திசு அரோமட்டேஸ் என்ற நொதியை வைத்துத் தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரஜனைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த ஈஸ்ட்ரஜன், வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளைக் கூட்டுகிறது. புரோஸ்டகிளாண்டின் மறுபடி அரோமட்டேஸைத் தூண்டுகிறது. எல்லாம் அந்த இடத்திலேயே நடப்பதால் ரத்தத்தில் தெரிவதில்லை. இதைப் படித்த அன்று நான் அழுதேன். வலி என் மனப்பிரமை இல்லை என்று அன்றுதான் உறுதியாயிற்று. கூடவே விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி புது ரத்தக் குழாய்களையும், என்ஜிஎஃப் நரம்பிழைகளையும் அங்கே இழுத்து வருகின்றன.

இதற்காக மாத்திரையே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். புரொஜெஸ்டிரோன் வகையைச் சேர்ந்த 2 மி.கி. டையனோஜெஸ்ட் மாத்திரை நிறையப் பேருக்கு வலியைக் குறைக்கிறது. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரஜனையும் அது இறக்கிவிடுகிறது. அதற்கும் கேட்காதவர்களுக்கு, மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் தூண்டுதலை அடக்கி ஈஸ்ட்ரஜனை இன்னும் கீழே கொண்டுபோகும் ஜிஎன்ஆர்ஹெச் ஊசிகள் உண்டு. இதே வழியில் ஈஸ்ட்ரஜனைக் குறைக்கும் எலகோலிக்ஸ் என்ற மாத்திரைக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவற்றில் எலும்பு அடர்த்தி குறையும் என்பதால் நீண்ட நாள் தரமாட்டார்கள்.

எந்த மாத்திரை, எத்தனை மாதம், எந்தெந்தத் தேதியில் எவ்வளவு வலி என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பழைய மாத்திரையை நிறுத்தி என்னை டையனோஜெஸ்ட்டுக்கு மாற்றியதே, இப்போதைய டாக்டர் அப்படியொரு நோட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான்.