கழிவுநீர்ல ஓடுற கூலிங் டவர்: கேளுங்க, சொல்றேன்

முப்பது வருஷமா கூலிங் டவரோட (ஆலைல சூடான தண்ணியைக் காத்துல ஆத்துற கோபுரம்) பேசின்ல, அதாவது அடித்தொட்டில, சளியைத் தொட்டுப் பாத்தவன். சுத்திகரிச்ச கழிவுநீர்ல வளர்ற பாசி, பாக்டீரியா பத்தி மட்டும் கேளுங்க. கேக்கும்போதே மேக்கப் தண்ணில (குறையறதுக்கு ஈடா டவருக்கு விடற புதுத் தண்ணி) அம்மோனியா எத்தனை பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு சொல்லிடுங்க.

கேள்வி: சார், போர் தண்ணிலேர்ந்து மாறி மூணு மாசம் ஆச்சு. குளோரின் 1 பிபிஎம் காட்டுது, ஆனா ஃபில்ஸ் (தண்ணி பரவி வழியற அடுக்குத் தட்டு) பூரா சளி. அம்மோனியா 5.

எதுல காட்டுது? ஓ.டி. (ஆர்த்தோ டாலிடின்) சொட்டு விட்டு மஞ்சள் வந்ததைப் பாத்திருந்தா, நீங்க பாத்தது பெரும்பாலும் குளோரமைன், அதாவது அம்மோனியாவோட சேர்ந்துபோன குளோரின். டிபிடி மாத்திரை டெஸ்ட்டுக்கு மாறுங்க. ஒண்ணாம் நம்பர் மாத்திரைக்கு வர்ற இளஞ்சிவப்பு ஃப்ரீ குளோரின், அதாவது எதோடயும் சேராதது. அதே டெஸ்ட் குழாய்ல மூணாம் நம்பரும் போட்டா டோட்டல், ஃப்ரீயும் குளோரமைனும் சேர்த்து. உங்களுக்கு முதல் மாத்திரைல நிறமே வராதுன்னு நினைக்கிறேன்.

அம்மோனியா இருக்கற தண்ணில போடுற குளோரின் முதல்ல அதைத்தான் பிடிக்கும். 1 பிபிஎம் அம்மோனியா நைட்ரஜனைத் தீர்க்க ஏட்டுக் கணக்குல 7.6 பிபிஎம், நடைமுறைல 8லேர்ந்து 10 குளோரின் வேணும். உங்க 5க்கு 40–50 பிபிஎம். மேக்கப் மணிக்கு 100 கன மீட்டர்னா மணிக்கு 4–5 கிலோ, கிருமிக்குப் போறதுக்கு முன்னாடியே. டவர்ல கொஞ்சம் அம்மோனியா காத்துல போயிடும், ஆனா அதை நம்பி டோஸ் போட முடியாது. அவ்வளவு குளோரின் ஊத்தினா குளோரைடு ஏறி எஸ்.எஸ். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கடிக்கும்.

அதனால புரோமின் பாருங்க. பிஎச் 8.5ல ஃப்ரீ குளோரின்ல பத்துல ஒரு பங்குதான் வேலை செய்யற வடிவத்துல இருக்கும்; புரோமின்ல ஏறக்குறைய பாதி இருக்கும். அம்மோனியாவோட சேர்ந்து புரோமமைன் ஆனாலும் அது கொல்லும். குளோரின் டையாக்சைடு அம்மோனியாவைச் சீண்டவே சீண்டாது. ஆனா அதை அங்கேயே தயாரிக்கணும், ஆள் பழகியிருக்கணும்.

கேள்வி: சாக்கடைத் தண்ணிய டவருக்கு விடறதே தப்பில்லையா?

அரிசோனாவுல பாலோ வெர்டே அணுமின் நிலையம் 1980கள்லேர்ந்து ஃபீனிக்ஸ் பக்கத்துக் கழிவுநீர்லதான் குளிருது.

கேள்வி: எங்களுக்குச் சென்னை கோயம்பேடு ஆர்ஓ தண்ணி வருது. இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பெரும்பாலும் இல்ல. கோயம்பேடு, கொடுங்கையூர் கழிவுநீர் ஆலை ரெண்டும் தலா 45 எம்எல்டி (ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர்), ஆர்ஓ வரைக்கும் போன தண்ணி. அம்மோனியா, பாஸ்பேட் பெருமளவு போயிருக்கும். உங்க கவலை உலோக அரிப்பு. அதுக்காகக் கிருமி வராதுன்னு இல்ல. டவர் ஊர்த் தூசியெல்லாம் இழுக்குது.

கேள்வி: சார், குளோரின் டோஸ் எவ்வளவு போடலாம்?

முதல் பதில்.

கேள்வி: திடீர்னு பிஎச் இறங்குது, குளோரின் எவ்வளவு போட்டாலும் நிக்கல.

அம்மோனியாவைத் தின்னு நைட்ரைட் ஆக்கற பாக்டீரியா குடியேறிடுச்சு. அந்தச் செயல்ல அமிலம் வரும், பிஎச் இறங்கும். 1 பிபிஎம் நைட்ரைட் நைட்ரஜன் 5 பிபிஎம் குளோரினைச் சாப்பிடும். நைட்ரைட் பாருங்க, அப்புறம் ஐசோதயாசோலினோன் மாதிரி ஒரு கிருமிக்கொல்லி போடுங்க. குளூட்டரால்டிஹைடு வேண்டாம், அம்மோனியா அதைக் கெடுக்கும். டோஸ் பண்றப்போ ப்ளோடவுனை (உப்பு ஏறின தண்ணியை வெளியே விடற வழி) மூடுங்க. மூடுங்க!

கேள்வி: குளோரமைனை ஏன் திட்டறீங்க? மெதுவா வினை புரியறதால சளிக்குள்ள ஆழமா போகுமே. நாங்க டோட்டல் 2–3லயே வெச்சு ஓட்டறோம், சளி இல்ல.

சரி, இது நல்ல சண்டை. ஆழமாப் போகுங்கறது உண்மை. நான் திட்டறது குளோரமைனை இல்ல, ஃப்ரீ குளோரின்னு நினைச்சு 0.5 டோட்டல்ல ஓட்டறவங்களை.

கேள்வி (அதே நண்பர்): அப்போ வேணும்னே குளோரமைன்ல ஓட்டலாம்தானே?

அளந்து, விடாம, 2க்குக் கீழ இறங்காம வெச்சா ஓட்டலாம். ஒத்துக்கறேன். காத்துல கொஞ்சம் போகும், அதையும் ஈடு கட்டணும். உங்க கண்டென்சர் ட்யூப் அட்மிரால்டி பித்தளையா (கண்டென்சர்ல போடற ஒரு வகைப் பித்தளை)? அப்படின்னா அம்மோனியாவால வெடிப்பு விடும். ட்யூப்ல வெடிப்பைக் கண்டுபிடிக்கற எடி கரண்ட் டெஸ்ட் எப்போ பண்ணீங்க?

கேள்வி (அதே நண்பர்): பித்தளைதான். டெஸ்ட் பண்ணல.

அடுத்த ஷட்டவுன்ல பண்ணுங்க. சண்டை அப்புறம்.

கேள்வி: டிப் ஸ்லைடு (தண்ணில முக்கி பாக்டீரியா வளர்த்துப் பாக்கற பட்டை) சுத்தமா இருக்கு. நிமோனியா வரவைக்கற லெஜியனெல்லா பாக்டீரியா இல்லன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. டிப் ஸ்லைடுல லெஜியனெல்லா வளராது, தனியா கல்ச்சர் அனுப்பணும். 25–45 டிகிரி அதுக்கு வசதியான சூடு, உங்க டவரும் அதேதான். ட்ரிஃப்ட் எலிமினேட்டர் (காத்தோட பறக்கற நீர்த்துளியைத் தடுக்கற தட்டு) உடைஞ்சிருந்தா மாத்துங்க, தண்ணி ஓடாம தேங்கற பைப்பை வெட்டி எடுங்க, மேல ஏறறவங்க என்95 போடட்டும்.

கேள்வி: சார், டோஸ் எவ்வளவு?

அம்மோனியா எவ்வளவு?