காலி 64 ஜிபி, காட்டுறது 16 டிபி

கேள்வி: அண்ணே, தக்கலைல கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு ஸ்டுடியோல வேலை பாக்கேன். கார்டுல இருந்து காப்பி போடுறதுக்கு முன்னாடி டிஸ்க்ல இடம் இருக்கான்னு பாக்க சி மொழில ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினேன். எனக்க லினக்ஸ்ல சரியா காட்டுச்சு, ஸ்டுடியோ மேக்ல 16 டிபி காலின்னு சொல்லுது, உள்ளது 64 ஜிபி தான். அத நம்பி ஒரு கல்யாணத்த காப்பி போட்டேன், பாதில நின்னுட்டு. டிஸ்க் விவரம் கேக்குற ஸ்டாட்விஎஃப்எஸ் (statvfs) ஃபங்ஷன் தர்ற பிளாக் (டிஸ்க் இடத்தோட சின்ன துண்டு) எண்ணிக்கைய, அதே தர்ற எஃப்_பிசைஸ்-ஆல (f_bsize) பெருக்குறேன், அவ்வளவுதான். எங்க தப்பு?

பதில்: தம்பி, மொதல்ல அந்த கார்ட அழிச்சிராதீங்க, காப்பி ஆனத ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் அழிக்கலாம்.

தப்பு அந்த பெருக்கல்ல தான். நம்ம சந்தைல மட்டிப்பழத்த சீப்பு சீப்பா எண்ணிட்டு, கடைசில ஒரு குலைக்கு எத்தன பழம்னு வச்சு பெருக்கினா எப்பிடி இருக்கும், அதே கதை. லினக்ஸுக்கும் மேக்குக்கும் பொதுவான போசிக்ஸ் (POSIX) விதிப்படி எஃப்_பிளாக்ஸ் (மொத்த பிளாக்), எஃப்_பிஃப்ரீ (காலியா உள்ள எல்லா பிளாக்), எஃப்_பிஅவைல் (சாதாரண யூசர் எழுதக்கூடிய காலி பிளாக்) மூணும் எஃப்_எஃப்ஆர்சைஸ் (f_frsize) கணக்குல தான் வரும், அதால தான் பெருக்கணும்; எஃப்_பிசைஸ் ஒரு தடவைல எவ்வளவு படிச்சா எழுதினா வசதின்னு சொல்ற அளவு. லினக்ஸ்ல டிஸ்க்ல ஃபைல அடுக்குற இஎக்ஸ்டி4 (ext4) முறைல ரெண்டு சைஸும் பொதுவா 4096 தான், அதனால எதால பெருக்கினாலும் விடை ஒண்ணுதான், தப்பு வெளிய தெரியாது. மேக்ல எஃப்_பிசைஸ் 10,48,576, எஃப்_எஃப்ஆர்சைஸ் 4096. வகுத்துப் பாருங்க, 256 வரும். 64 ஜிபிய 256-ஆல பெருக்கினா உங்க 16 டிபி அப்பிடியே வந்துரும்.

இன்னொண்ணு, காலின்னு காட்ட எஃப்_பிஃப்ரீ எடுக்காதீங்க, எஃப்_பிஅவைல் எடுங்க. இஎக்ஸ்டி4 வழக்கமா 5 சதவீதம் இடத்த ரூட்டுக்குன்னு (சிஸ்டத்த நிர்வகிக்கிற யூசர்) ஒதுக்கி வைக்கும், 1 டிபி டிஸ்க்ல அது கிட்டத்தட்ட 46 ஜிபி, சாதாரண யூசரால அதுல ஒண்ணும் எழுத முடியாது, ஆனா எஃப்_பிஃப்ரீல அதுவும் சேந்து வரும், நீங்க இருக்குன்னு நினைச்சு காப்பி போட்டா திரும்பவும் பாதில நிக்கும். பெருக்கும்போது 64 பிட்டுக்கு மாத்திட்டு பெருக்குங்க, 32 பிட்ல 4 ஜிபி தாண்டினா கணக்கு சுத்தி மறுபடி பூஜ்யத்துல இருந்து வரும்.

1 டிபி டிஸ்க் 931-னு வருதேன்னு பயப்படாண்டாம், அது ஒரு கேபிய 1000 பைட்னு எடுக்கிறதுக்கும் 1024-னு எடுக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம், எந்த கணக்குன்னு ஸ்க்ரீன்ல எழுதிருங்க.

மாத்தினப்புறம் டெர்மினல்ல டிஸ்க் இடத்த கேபி கணக்குல காட்டுற டிஎஃப் -கே (df -k) கமாண்ட் போட்டு ஒப்பிட்டுப் பாருங்க. மேக்ல வெறும் டிஎஃப் போட்டா 512 பைட் கணக்குல வரும், எண்ணு ரெட்டிப்பா தெரியும்.