கல்லூரி கவுன்சலரைப் பார்த்தால் என்ன நடக்கும்? வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

இரண்டு வாரமாகப் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் தூக்கமும் சாப்பாடும் ஏற்கெனவே கெட்டிருக்கும். அதனால் முதலில் பயத்துக்குப் பதில்: உங்களுக்கு 18 வயது ஆகிவிட்டது என்றால், உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். உங்கள் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்றால், அல்லது நீதிமன்றம் கேட்டால், அப்போது விஷயம் வேறு. முதல் நாளே இதைச் சொல்லி ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்குவார்கள்.

நான் பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்குப் படிக்கப் போனவன். மூன்றாவது செமஸ்டரில் இரண்டு பாடம் போய்விட்டது. சிஜிபிஏ, அதாவது மொத்த மதிப்பெண் சராசரி, 2.00க்குக் கீழே இறங்கினால் பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் பணம் நின்றுவிடும். அப்பா பட்டர்வொர்த் பக்கத்தில் பிறை என்ற ஊரில் லாரி ஓட்டுகிறார், அவரிடம் எப்படிச் சொல்வது? அம்மா தினமும் போனில் "பசியாறிட்டியா" என்பார். "ஆச்சும்மா" என்று பொய் சொல்வேன்.

கவுன்சலர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. முதல் நாள் 50 நிமிடமும் கேள்விதான். எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், யாரோடு தங்கியிருக்கிறாய், சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா. கடைசிக் கேள்வி என்னைக் கலக்கிவிட்டது. அது அவர்கள் வழக்கமாகக் கேட்பதுதான், உங்களிடம் கேட்டால் பயப்படாதீர்கள். ஒரு வழியும் சொல்லாமல் அனுப்பிவிட்டாரே என்ற கோபத்தில் மூன்று வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. முதல் சந்திப்பில் அவர் நம்மைத் தெரிந்துகொள்கிறார், அவ்வளவுதான். தயவுசெய்து இரண்டாவது முறையும் போங்கள்.

இரண்டாவது முறை நடந்ததை என்னால் மறக்க முடியாது. எனக்கு மலாய் நன்றாகவே வரும், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் ஏ. ஆனால் 'மனசு விட்டுப்போச்சு' என்பதை மலாயில் எப்படிச் சொல்வது? திணறினேன். "முதலில் தமிழிலேயே சொல்லு, நான் கேட்கிறேன். அப்புறம் அர்த்தம் சொல்லு" என்றார். அம்மாவிடம் சொல்ல முடியாததை எல்லாம், ஒரு வார்த்தையும் புரியாத ஒருவர் முன்னால் சொல்லி அழுதேன். நான் முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை.

அதற்கப்புறம்தான் வேலை நடந்தது. கெடு முடிவதற்குள் ஒரு பாடத்தை விலக்கிக்கொள்ள வைத்தார். விரிவுரையாளரிடம் பேசட்டுமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் பேசினார். மருந்து அவர் தர மாட்டார், தேவைப்பட்டால் மருத்துவருக்குக் கடிதம் தருவார்.

"ரப்பர் தோட்டத்தில் நாங்கள் படாத கஷ்டமா, எங்களுக்கு எந்தக் கவுன்சலர் இருந்தார்" என்று பெரியவர்கள் கேட்கலாம். பெரியவர்களே, உங்கள் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அப்போதும் யாராவது உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். எல்லாக் கவுன்சலரும் இவரைப் போல இருப்பார்கள் என்றும் சொல்ல வரவில்லை. 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டப்படி அவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். ஒருவர் ஒத்துவராவிட்டால் வேறொருவரைக் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் கவுன்சலர் அறையில் தீர்க்க முடியவில்லை. அதே செமஸ்டரில் கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் வாடகை அறை தேடினேன். காலி என்று விளம்பரம் இருக்கும். போன் செய்தால் "இந்தியரா?" என்று கேட்டு வைத்துவிடுவார்கள். ஏழு இடம். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று அந்த வீட்டுக்காரர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தேர்வு நெருங்கினால் கூட்டம் சேரும், இந்த வாரமே நேரம் கேளுங்கள். அதற்குள் இரவில் தாங்க முடியாமல் போனால் மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் பேசுவதற்கான கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. 24 மணி நேரமும் எடுப்பார்கள்.