பம்பர் விரிசலுக்கு இன்சூரன்ஸா, கைக்காசா?

கேள்வி: மூன்றரை வருடம் ஓடிய 1,200 சிசி பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது அடுக்குமாடித் தூணில் இடித்து, பின் பம்பரின் இடது மூலையில் ஒரு சாண் அளவுக்கு விரிசல், பெயிண்டும் பெயர்ந்துவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் புது பம்பர் 7,000, பெயிண்டிங் 4,500, கூலி 2,000 என்று மொத்தம் 13,500 ரூபாய் சொல்கிறார்கள். "இன்சூரன்ஸ் போட்டால் நீங்கள் 1,000 ரூபாய் கட்டினால் போதும் சார்" என்கிறார் அங்கிருப்பவர். வெளிப்பட்டறையில் இதே பம்பரை ஒட்டி பெயிண்ட் அடித்துத் தர 4,800 கேட்கிறார்கள். இதுவரை கிளெய்ம் எடுத்ததில்லை. பாலிசியில் 35% நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) இருக்கிறது. பக்கவாட்டில் பழைய கீறல்களும் உண்டு, அவற்றையும் சேர்த்துப் போட்டுவிடு என்கிறார் நண்பர். இரண்டு வருடத்தில் வண்டியை மாற்றும் எண்ணமும் இருக்கிறது. எது லாபம்?

பதில்: வெளிப்பட்டறையில் 4,800 கொடுத்துச் சரிசெய்யுங்கள். கிளெய்ம் வேண்டாம். காரணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

அந்த 1,000 ரூபாய்க் கதை, உங்கள் பாலிசியில் ஜீரோ டெப், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கூடுதல் சேர்க்கை, இருந்தால் மட்டும்தான் உண்மை. முதலில் பாலிசியைப் பிரித்து அதைப் பாருங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் என்று பாதி விலையைக் கழித்துவிடுவார்கள்; பம்பரில் 3,500 உங்கள் தலையில். பெயிண்டிங் பில்லில் கால்வாசியைப் பொருள் செலவாக எடுத்துக்கொண்டு, அதிலும் பாதியைக் கழிப்பார்கள், இன்னொரு 560. இதற்கு மேல், 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் நாம் கட்டாயமாகக் கட்ட வேண்டிய 1,000. ஆக 5,060 ரூபாய் கைக்காசு. பட்டறைக்காரர் கேட்டதைவிடக் கூடுதலாகவே கொடுத்துவிட்டு, போனஸையும் இழப்பீர்கள்.

சரி, ஜீரோ டெப் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு உங்களுக்குச் சாதகமாக வரவில்லை. போனஸ் போனால் அடுத்த வருடப் பிரீமியம் மட்டும்தான் கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். போனஸ் 20, 25, 35, 45, 50 என்று ஐந்து படிகளில் ஏறுவது. ஒரு கிளெய்ம் எடுத்தால் பூஜ்யத்துக்கு இறங்கி, திரும்பவும் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். உங்களுக்கு அடுத்த ரினியூவலில் 45% கிடைக்க வேண்டும். கிளெய்ம் எடுத்தால் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வருடம் 50% கிடைக்க வேண்டிய இடத்தில் 20%தான். அப்புறம் 25%, 35%, 45% என்று ஏறி, ஆறாவது வருடம்தான் பழைய இடத்துக்கு வருவீர்கள். விட்டுப்போன தள்ளுபடியை மட்டும் கூட்டினால் 45, 30, 25, 15, 5. மொத்தம் 120%.

இந்தத் தள்ளுபடி முழுப் பிரீமியத்துக்கும் கிடையாது. சொந்த சேதத்துக்கான பகுதிக்கு மட்டும். மூன்றாம் நபர் பிரீமியத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. சொந்த சேதப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 7,000 என்று வைத்தால் இழப்பு 8,400. 18% ஜிஎஸ்டியோடு 9,900. வண்டியின் மதிப்பு இறங்க இறங்கப் பிரீமியமும் குறையும் என்பதால் நடைமுறையில் 8,000 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 ரூபாயில் முடியும் என்று சொன்ன வேலைக்கு 9,000 ஆகிறது. நீங்கள் ஒப்பிட வேண்டியது 13,500 பில்லோடு அல்ல, ஒழுங்காகச் செய்யும் 4,800 ரூபாய் வேலையோடு.

வண்டியை மாற்றும் எண்ணம் இருப்பதால் இழப்பு இன்னும் கூடும். போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்கும்போது சான்று வாங்கிப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். புதுக் காரின் சொந்த சேதப் பிரீமியம் 20,000 என்றால், 50 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரே வருடத்தில் 6,000 ரூபாய். பாலிசியில் போனஸ் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை எடுத்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நண்பரின் யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு இடியும் தனி கிளெய்ம், தனி 1,000. தூணில் இடித்தது பின்பக்கம். கதவில் கீறல் எப்படி வந்தது என்று சேதத்தைப் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்பார். பொய் சொல்லி மாட்டினால் மொத்த கிளெய்மும் போய்விடும்.

பட்டறையில் விடும்போது சிலவற்றைக் கவனியுங்கள். பம்பரைக் கழற்றி வேலை செய்பவரா என்று கேளுங்கள். வண்டியிலேயே வைத்துப் பட்டி பார்த்து அடிப்பவர் வேண்டாம். கழற்றியதும் உள்பக்கம் திருப்பினால் பிளாஸ்டிக் வகை அச்சாகியிருக்கும். பெரும்பாலும் பிபி என்று தொடங்கும். அது பாலிப்ரொப்பிலீன். சூடு வைத்து உள்பக்கமாக வெல்டிங் செய்தால் விரிசல் நன்றாகவே சேரும். ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கில் பெயிண்ட் லேசில் ஒட்டாது. பிளாஸ்டிக்குக்கென்று உள்ள பிரைமர் அடிக்காமல் விட்டால், தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது தோல் உரிவதுபோலப் பெயர்ந்து வரும். பில்லில் அந்தப் பிரைமரை எழுதச் சொல்லுங்கள். கலரை வண்டியில் உள்ள பெயிண்ட் குறியீட்டைப் பார்த்துக் கலக்கச் சொல்லி, வெயிலில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். சில்வரும் முத்து வெள்ளையும் டியூப்லைட் வெளிச்சத்தில் ஏமாற்றும். பார்க்கிங் சென்சார் இருந்தால் அதன் மேல் கனமாக அடிக்க விடாதீர்கள், சும்மா கத்திக்கொண்டே இருக்கும்.

பம்பரைக் கழற்றியபின் உள்ளே இரும்புச் சட்டம் வளைந்திருந்தாலோ, டிக்கி கதவின் இடைவெளி ஒரு பக்கம் கோணலாக இருந்தாலோ பட்டறை வேலையை நிறுத்திவிட்டு உடனே இன்சூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிடுங்கள். அப்போது பில் 25,000, 30,000 என்று ஏறும், அதற்குத்தான் கிளெய்ம். அதனால் கழற்றிப் பார்ப்பதை இந்த வாரமே செய்துவிடுங்கள்; தகவல் சொல்லத் தாமதமானால் அதையே காரணம் காட்டி இழுத்தடிப்பார்கள்.